சம்பந்திக்குச் சில்வண்டு சுட்டு வைத்த விவரம்

நுசுக்கா,
ஈஸ்டருக்கு முந்திய வாரம்.

பெருமதிப்பிற்குரிய ஒண்டோ அகின்மாதே அவர்களின் திருச்சமூகத்துக்கு, நுசுக்கா ஓபியோரா அசோக்வா பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. 'சம்பந்தி' என்றே தொடங்கியிருக்க வேண்டும். அந்த உரிமை எனக்கு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று தெரியாததால் பெயரைப் போட்டிருக்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். இங்கே நானும் என் மனைவி உசோமாகாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் மனைவி மோராதேயோ அம்மாவும், மாப்பிள்ளை அகின்லோலுவும் எல்லா நலமும் பெற்றிருக்கக் கடவுளை வேண்டுகிறேன். தபால் இலாகாவில் தலை நரைத்தவன் என்பதால் எனக்குப் போனில் மன்னிப்புக் கேட்க வராது. கேட்டும் பார்த்தேன், அது எப்படி முடிந்தது என்பதைப் பிற்பாடு சொல்கிறேன். எனவே தாள்.

சென்ற மழைக்காலக் கடைசியில் தாங்கள் குடும்பத்தோடு என் மகள் சோமாதினாவைப் பெண் கேட்டு என் வீட்டுக்கு வந்து, ஒரு வாய் சோறுகூடத் தின்னாமல் எழுந்து போனீர்களே, அன்று தாங்கள் பார்த்தது பாதிதான். மீதிப் பாதியும் எனக்குப் பெருமை தருவதாக இல்லை. ஆனாலும் அது தங்களுக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் அந்த மனிதன் வேண்டுமென்றே நம்மை அவமானப்படுத்தினான் என்று தாங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அது நியாயமில்லை. நான் வேண்டுமென்று எதையுமே உருப்படியாகச் செய்ததில்லை, உசோவைக் கேளுங்கள்.

வருவதற்கு முந்திய வாரம் போனில் பேசினீர்கள். இருவருக்கும் பொதுவான ஆங்கிலத்தில்தான், இரைச்சலான லைன். நான் வழக்கப்படி, "உங்களுக்கு என்ன செய்து வைக்கட்டும், கூச்சப்படாமல் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அதற்குத் தாங்கள் சொன்னதை நான் இன்றும் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பேன்: "ஒண்ணும் சிரமப்படாதீங்க. எங்களுக்கு வேண்டியது இரே மட்டும்தான். அது உங்க வீட்டுல நிறைய இருக்குன்னு உங்க பொண்ணைப் பார்த்தாலே தெரியுது." நான் "ஆகட்டும், ஆகட்டும்" என்று வைத்துவிட்டேன். இரே என்றால் என்ன என்று தங்களையே கேட்டிருந்தால் அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவன், முதல் பேச்சிலேயே புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அதனால் போய் எசேமாவைக் கேட்டேன்.

எசேமா எனக்குத் தம்பி முறை. இபாதானில் வெகுகாலம் டயர் பஞ்சர் ஒட்டிவிட்டு வந்தவன். யொருபா மொழியில் தன்னை விஞ்ச ஆள் நைஜர் ஆற்றுக்கு இந்தக் கரையில் இல்லை என்பது அவன் கட்சி. மறுக்கிற அளவுக்கு எங்கள் தெருவில் யாருக்கும் யொருபா தெரியாது. சொல்லைக் கேட்டான். "இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே" என்றான். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சற்று யோசித்தான். "இரெ. சில்வண்டு. நம்ம அபூசு இருக்கே, அதேதான். அவங்க ஊர்ல அதுக்கு உசிரையே விடுவாங்க" என்றான்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கண் கலங்கிவிட்டது. ஆடு கேட்கிறவர்கள் உண்டு, விஸ்கி கேட்கிறவர்கள் உண்டு. இந்த மனிதர் வெறும் சில்வண்டு கேட்கிறார், அதையும் என் வீட்டில் நிறைய இருப்பதாகச் சொல்கிறார், அப்படியானால் சோமாதினா என் சாப்பாட்டு ருசியைப் பற்றி அங்கே போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அது பெருமைக்குரிய விஷயம் இல்லை. உசோ மாதர் சங்கத்துக்குத் தலைவியான நாளிலிருந்து அபூசுக்கு அடுப்படியில் இடமில்லை. நான் சுட்டுத் தின்பதென்றால் மோட்டார் ஷெட் பக்கம் போய்த்தான் தின்ன வேண்டும்.

அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "சம்பந்தம் பேச வர்றவங்க பூச்சியா கேப்பாங்க? எந்த ஊர்லங்க நடக்குது?" என்றாள்.

"அவர் எளிமையான மனுஷன் உசோ. உனக்கு எளிமை பிடிக்காது."

"எளிமைன்னா கஞ்சி கேப்பாங்க. பூச்சி கேட்க மாட்டாங்க."

"நீ கோழி, சோறுன்னு ஆடம்பரம் பண்ணி அவரைச் சங்கடப்படுத்தாதே. கேட்டதை மட்டும் வைப்போம்."

அவள் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வையை நான் அப்போது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் தொடங்கியது என் பாடு. அபூசு கடையில் தொங்குகிற சரக்கில்லை. விடியற்காலையில் வளைவாயில் புதுமண் குவிந்திருக்கிற இடம் பார்த்துத் தோண்ட வேண்டும், அதுவும் முழங்கை ஆழத்துக்கு, வளை நேராகப் போகாமல் கோணிக்கொண்டு போகும், நாமும் கூடவே கோணிக்கொண்டு போக வேண்டும். எங்கள் பக்கத்தில் புதுமண் நிறைய இருந்தது பள்ளிக்கூடத்துக் கால்பந்து மைதானத்தில்தான். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு குழிக்குள் கையை விட்டிருப்பதைப் பார்த்த வாட்ச்மேன், சாமி கும்பிடுகிறேனா சூனியம் வைக்கிறேனா என்று தெரியாமல் தூரத்திலேயே நின்று, "சார், போன வருஷம் நாங்க தோத்தது உங்களாலதானா?" என்று கேட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கிடைத்தவை சம்பந்திக்குப் போதாது. அதனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சந்தைக்குப் போய், பொரித்த வெட்டுக்கிளி விற்கிற ஹௌசாக்காரர் தன்லாதியிடம் அபூசு இருக்கிறதா என்றேன். அவர் ஒரு படி வெட்டுக்கிளியை அளந்தார். இது இல்லை என்றேன். கையால் குழி தோண்டிக் காட்டினேன், மீசை முளைத்த மாதிரி இரண்டு விரலை நெற்றியில் வைத்துக் காட்டினேன், கடைசியில் வாயால் கத்தியும் காட்டினேன். சந்தையில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். "ஓ, கியாரே" என்றார் தன்லாதி. "அது நாளைக்கு வரும். விருந்தாளியா?"

"பொண்ணு கேட்டு வர்றாங்க."

அவர் வெட்டுக்கிளியைத் திரும்பச் சாக்கில் கொட்டினார். "நாங்க பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு ஆடு அறுப்போம், ஐயா. நீங்க கியாரே சுடுறீங்க. அவங்கவங்க வழக்கம்" என்றார். அதையும் நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு என் காதில் விழுந்த எல்லாமே எனக்குச் சாதகமாகத்தான் விழுந்தது.

இனி தாங்கள் வந்த நாள். கோலாக்கொட்டையை நான் உடைத்து எங்கள் பேச்சில் வேண்டினேன், அப்படியே ஆகட்டும் என்பதற்கு நாங்கள் 'இசே' என்றோம், நீங்கள் 'ஆஷே' என்றீர்கள், எல்லாரும் சிரித்தோம், அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு தாங்கள் எழுந்து உங்கள் பேச்சில் வேண்டினீர்கள். இரே ஓவோ என்றீர்கள், இரே ஓமோ என்றீர்கள், இரே அலாஃபியா என்றீர்கள். ஒவ்வொரு இரேக்கும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவம், மனுஷன் ஒண்டோவிலிருந்து பசியோடு வந்திருக்கிறார், வாய்க்கு வாய் அதையே கேட்கிறார் என்று நினைத்தேன். சோமாதினா ஏதோ சொல்ல என் பக்கம் குனிந்தாள். நான் கையமர்த்திவிட்டேன். எழுந்து நின்று, "நீங்கள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அது இந்த வீட்டில் என்றைக்கும் உண்டு" என்று சொல்லி, தங்கள் மனைவிக்கு முன்னால் இருந்த பெரிய தட்டின் மூடியை நானே எடுத்தேன்.

ஈர்க்குச்சியில் கோத்து, இறக்கை பிய்த்து, குடல் எடுத்து, உப்புப் போட்டுக் கரியில் பதமாகச் சுட்டது. சுட்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. அதை நான் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மோராதேயோ அம்மா தட்டைப் பார்த்தார்கள். தலைக்கட்டு அசையவில்லை. "இது என்ன?" என்று கேட்டார்கள்.

"நீங்க கேட்டது."

"நாங்க கேட்டதா?"

"உங்க பாஷையில இரெ."

உங்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தர் சிரித்தார். அம்மா திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது. "பொண்ணு கேட்டு வந்திருக்கோம். மண்ணைத் தோண்டிப் பூச்சி எடுத்து வெச்சிருக்கீங்க. எங்களைப் பத்தி இதுதான் நினைச்சிருக்கீங்க, இல்லையா?" என்று கேட்டார்கள். கோபமாகக்கூட இல்லை, ஏதோ கணக்கு சரியாகிவிட்ட மாதிரிக் கேட்டார்கள்.

இங்கேதான், சம்பந்தி, நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். தாங்கள் அந்த நேரம் ஒரு ஈர்க்குச்சியைக் கையில் எடுத்திருந்தீர்கள். நான் பார்த்தேன். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், வாயில் வைக்கலாமா வேண்டாமா என்று இருந்தீர்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தாங்களே ஒன்றைக் கடித்து, ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி, அம்மாவையும் சிரிக்க வைத்திருப்பீர்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நான் பொறுக்கவில்லை. என் சில்வண்டை ஒருத்தர் பூச்சி என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது. பேசத் தொடங்கிவிட்டேன். "நாங்க அபூசுங்கிறோம், ஹௌசாக்காரங்க கியாரேங்கிறாங்க, நீங்க இரெங்கிறீங்க. திங்காத பண்டத்துக்கு யாராவது இவ்வளவு அழகா பேர் வெப்பாங்களா? லேஸ் துணி உடுத்தினதும் எல்லாருக்கும் மறந்துபோச்சு. உங்க அம்மாவைக் கேட்டுப் பாருங்க, அவங்க தின்னிருப்பாங்க" என்றேன்.

மோராதேயோ அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள். "தின்னாங்க. வேற ஒண்ணும் இல்லாததால தின்னாங்க."

தாங்கள் ஈர்க்குச்சியை எடுத்த இடத்திலேயே வைத்தீர்கள். அம்மா எழுந்தார்கள், கூட எல்லாரும் எழுந்தார்கள். உசோ அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள், கையில் கோழிக்குழம்பு, பின்னாலேயே இலையில் கட்டிய ஒக்பா பயற்றுமாவு வெந்த மணம். என் பேச்சைக் கேட்காமல் முந்தின நாளிலிருந்தே எல்லாம் சமைத்து மறைத்து வைத்திருந்திருக்கிறாள். "உட்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று அவள் சொல்லச் சொல்லக் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவு சமையலையும் தெருவுக்குக் கொடுத்தாள். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் அந்தப் பெரிய தட்டை வைத்து, "கேட்டதை மட்டும் வைப்போம்" என்றாள்.

சோமாதினாதான் எனக்கு விளக்கிச் சொன்னாள். முதலில் சிரித்தாள். "அப்பா, இரேன்னா நல்லது. நன்மை. ஆசீர்வாதம். பணம் நன்மையா வரட்டும், பிள்ளைகள் நன்மையா பிறக்கட்டும்னு அவர் வேண்டினார். சில்வண்டு வேற. அதுக்கு வாயை அகலத் திறந்து, குரலைத் தாழ்த்திச் சொல்லணும்" என்று இரண்டையும் சொல்லிக் காட்டினாள், காட்டிக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எங்கள் பேச்சிலும் ஆக்வா என்பதை ஏற்றி இறக்கிச் சொன்னால் முட்டை, துணி, கட்டில், அழுகை என்று நாலு அர்த்தம். அதிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இன்னொருத்தர் பாஷையிலும் ஏற்ற இறக்கம் இருக்கும் என்று தோன்றவில்லையே. எசேமாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் அசரவில்லை. "நீங்க வாயை அகலமாத்தான் திறந்தீங்கண்ணே. அதோட, பஞ்சர் ஒட்டினவன்கிட்ட வந்து சம்பந்தம் பேசற பாஷை கேட்டா நான் என்ன பண்ணுவேன்? டியூபுக்கு என்ன பேர்னு கேளுங்க, பிசகாமச் சொல்றேன்" என்றான்.

அப்படியும் எனக்குப் புத்தி வரவில்லை. மன்னிப்புக் கேட்கிற வாக்கியம் ஒன்றை அவனிடமே கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு தங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். மோராதேயோ அம்மா எடுத்தார்கள். சொன்னேன். லைன் அறுந்துவிட்டது. நான் சொன்னது என்ன என்று இன்று வரை யாரிடமும் விசாரிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. அந்த வாக்கியத்துக்கும் சேர்த்து மன்னிப்பு.

சோமாதினா இபாதானுக்குப் போனவள்தான். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, ஆஸ்பத்திரியில் டியூட்டி என்றாள். அம்மாவோடு மட்டும் பேசுகிறாள். "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்கிறாள், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், உசோ என்னைப் பார்த்துவிட்டு "இருக்காரு" என்பாள், அவ்வளவுதான் அன்றைய என் பங்கு.

இதெல்லாம் சிரிப்பதற்காக எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். சிரித்தால் நல்லதுதான். ஆனால் சொல்ல வந்தது வேறு. சொல் பிசகியதற்கு நான் அவ்வளவு வருந்தவில்லை, போன் லைன்மேலும் எசேமாமேலும் பாதிப் பழியைப் போட்டுவிடலாம். அம்மாவின் தாயாரை நான் இழுத்ததற்குப் பழி போட ஆளில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் நாங்களும் அபூசு தின்றோம். வேறொன்றும் இல்லாததால்தான் தின்றோம். நான் சிறுவன், என் தாய் சுட்டுச் சுட்டுப் போடுவாள், தான் தின்றாளா என்று நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த ருசி மட்டும் தங்கிவிட்டது, பசி போய்விட்டது. தங்கள் மனைவிக்குப் பசி தங்கியிருக்கிறது. ஒரே பண்டம்தான், அவர்கள் வீட்டில் அது என்னவாக இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்காமலே தெரிந்த மாதிரிப் பேசினேன். இதை அவர்களிடம் எப்படிச் சொல்வதென்று இத்தனை மாதமாக எனக்குத் தெரியவில்லை. தாங்கள் நல்ல வேளை பார்த்து, அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, உங்கள் பாஷையில் சரியான ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இந்தக் கிழவனின் வாய்க்காகப் பிள்ளைகள் இரண்டும் வாட வேண்டாம். மறுபடி ஒருமுறை வாருங்கள். தேதியைத் தாங்களே சொல்லுங்கள். நான் கூடத்திலேயே இருக்க மாட்டேன், ஷெட்டில் இருக்கிறேன். உசோ பேசுவாள், உசோ பரிமாறுவாள். இனி என் ஆயுள் உள்ளவரை ஆறுகால் ஜந்து எதையும் தங்கள் குடும்பத்தார் கண்ணில் காட்டமாட்டேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். அப்படியும் மனமில்லை என்றால் நாலு வரி எழுதிப் போடுங்கள், வேண்டாம் என்றாவது எழுதுங்கள். எழுதிப் போட்டுவிட்டுப் பதில் வராமல் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேரைத் தபாலாபீஸில் பார்த்திருக்கிறேன், நானே அப்படி ஆவேன் என்று நினைக்கவில்லை.

தங்கள் இல்லத்தில் எல்லா இரேயும் பெருகட்டும். வாயை அகலத் திறக்காமல் சொல்கிற இரே. பிள்ளைகளாகவும் ஆரோக்கியமாகவும் நிம்மதியான தூக்கமாகவும் பெருகட்டும். மோராதேயோ அம்மாவுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். மாப்பிள்ளைக்கு (இதையும் உரிமை இருந்தால்) என் ஆசிகள்.

இப்படிக்கு,
வருத்தத்தில் என்றும் குறையாத,
ஓபியோரா அசோக்வா.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். பசை எடுக்க உள்ளே போன நேரத்தில் உசோ இதை முழுக்கப் படித்துவிட்டாள், நான் ஒட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "யாருக்குங்க இவ்வளவு கெஞ்சல்? ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கிழமை கல்யாணம்" என்கிறாள். இபாதானில் பதிவும் விருந்துமாம், எங்கள் வாசலில் செய்ய வேண்டிய சடங்கு அதற்கப்புறமாம். துணியெல்லாம் எடுத்துத் தையலுக்கும் கொடுத்தாகிவிட்டதாம். நீங்கள் எழுந்து போன அதே வாரத்தில் மோராதேயோ அம்மா இவளுக்குப் போன் செய்து, சமைத்து வைத்த வீட்டில் சாப்பிடாமல் வந்துவிட்டேன், மனசு கேட்கவில்லை என்றார்களாம். அன்றிலிருந்து இரண்டு பேரும் தினம் பேசுகிறார்கள். எசேமாவின் வாக்கியத்தை அவர்கள் போனிலேயே சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்திருக்கிறார்கள், அர்த்தம் மட்டும் எனக்குச் சொல்ல மாட்டார்களாம். தங்களுக்கும் கல்யாண விஷயம் இன்னும் சொல்லப்படவில்லை என்று கேள்விப்படுகிறேன். அப்பாமார் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இருந்ததால் காரியம் சுலபமாக முடிந்ததாம், தையல் வேலை முடிகிற வரைக்கும் அப்படியே இருந்தால் உபகாரம் என்கிறாள். ஆகவே இந்தக் கடிதம் தங்களுக்கு வரவில்லை. மேலே கேட்ட மன்னிப்புகளில் அம்மாவுக்கானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிட்டு, கல்யாணச் செய்தியை வீட்டில் சொல்லும்போது ஆச்சரியப்படுங்கள்.

நேற்று மாலை இங்கே முதல் மழை, ஈசல் கிளம்பிவிட்டது. உசோ மாதர் சங்கத்துக்குப் போயிருந்தாள். உப்புப் போட்டு மொறுமொறுவென்று வறுத்து வைத்திருக்கிறேன். விருந்தில் நமக்கு மைக் கிடையாதாம், கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியாம். என் சட்டையின் இடது பையில் இருக்கும். உங்கள் பாஷையில் அதற்கு என்ன பெயர் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.